வீட்டுப்பாடம் யாருடைய வீட்டிற்கு?

கள்ளக்குறிச்சி என்னும் பெயர் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் அடிபட்டது எதனால் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. 2024 ஜூன் மாதத்தில் கருணாபுரத்திலும் சுற்றுப் பக்கங்களிலும் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டு போனார்கள். அதற்குப் பின்னர்தான், அதுவும் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்துக் கேள்வி கேட்ட பின்னர்தான், பக்கத்தில் கல்வராயன் மலை என்று ஒன்று இருக்கிறது, அதிலும் மனிதர்கள் வாழ்கிறார்கள், அவர்களுக்கும் பாதையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேண்டும் என்கின்ற சங்கதி பட்டணத்துக் கனவான்களின் காதில் விழுந்தது. சாவு விழுந்தால்தான் ஒரு ஊரின் பெயர் அச்சேறும் என்பது நம் நாட்டு வழக்கமாயிருக்கின்றது.

சாராயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எழுதட்டும். நாம் இன்று எழுத வந்தது வேறு விஷயம். அது சிறு விஷயம் போலத் தோன்றும். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதற்குள்ளே பெரிய அநியாயம் ஒன்று மறைந்து கிடப்பது தெரியும். அதுதான் பிள்ளைகளின் வீட்டுப்பாடம்.

மாலை ஆறு மணிக்கு வெள்ளிமலைப் பக்கத்திலோ, கச்சிராயபாளையத்திலோ, சங்கராபுரத்திலோ, சின்னசேலத்திலோ ஒரு கூலிக்காரர் வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். ஏழாம் வகுப்பு அல்லது எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக் கொண்டு உட்கார்ந்திருக்கும். உபாத்தியாயர் மூன்று கேள்வி கொடுத்தனுப்பியிருப்பார். ஒன்று இங்கிலீஷில், ஏதோ ஒரு கதையைப் படித்து அதன் கருத்தைச் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். இன்னொன்று இலக்கியத்தில், கடையெழு வள்ளல்கள் யாவர் என்று எழுத வேண்டும். மூன்றாவது பொது அறிவில். கிரகணம் எவ்வாறு உண்டாகிறது என்று படம் போட்டு விளக்க வேண்டும். குழந்தை தாயைக் கேட்கும். தாய் காலையிலிருந்து மரவள்ளிக் காட்டில் களையெடுத்து விட்டு வந்து அடுப்பு மூட்டிக் கொண்டிருப்பாள். தகப்பனைக் கேட்கும். தகப்பன் வேலை தேடி வெளியூர் போயிருப்பான். வீட்டில் இருந்தாலும், "எனக்கென்ன தெரியும், நீதானே படிக்கிறவள்" என்று சொல்லுவான். குழந்தை சிறிது நேரம் பேனாவைக் கடித்துவிட்டு நோட்டை மூடி வைத்து விடும். மறுநாள் பள்ளியில் "வீட்டுப்பாடம் செய்யாத சோம்பேறி" என்று பெயர் வாங்கும்.

இதே மூன்று கேள்வியும் ஒரு தாசில்தார் வீட்டுப் பிள்ளைக்கும், ஒரு வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கும் போயிருக்கும். அங்கே இங்கிலீஷ் சொல்லித்தரத் தகப்பன் இருக்கிறான். இலக்கியம் சொல்லித்தரத் தாய் இருக்கிறாள். பொது அறிவுக்கு அலமாரி நிறையப் புத்தகமிருக்கிறது. அதுவும் போதாவிட்டால் டியூஷன் வாத்தியார் வீடு தேடி வருகிறார். மறுநாள் அந்தப் பிள்ளை நோட்டை நீட்டி "கெட்டிக்காரன்" என்று பெயர் வாங்கும்.

இங்கே நாம் ஒன்று கேட்கின்றோம். அந்த நோட்டில் இருப்பது பிள்ளையின் கெட்டிக்காரத்தனமா, தகப்பனுடைய படிப்பா? தகப்பனுடைய படிப்பு என்றால், அந்தத் தகப்பனுக்குப் படிப்பு எங்கிருந்து வந்தது? அவன் தகப்பனிடமிருந்து வந்தது. இப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தால், யாருக்குப் படிக்க உரிமை இருந்தது, யார் படித்தால் பாவம் என்று எழுதி வைக்கப்பட்டிருந்தது என்கின்ற இடத்திலே போய் முட்டிக் கொள்ளும். ஆகவே வீட்டுப்பாடம் என்பது பல சமயங்களில் பிள்ளைக்கு வைக்கும் பரீட்சையல்ல. அதன் பாட்டனுக்கும் முப்பாட்டனுக்கும் வைக்கும் பரீட்சையாகவே இருந்து வருகின்றது. இந்தப் பரீட்சையில் தோற்றவனைப் பார்த்துத்தான் பின்னால் "தகுதியில்லை, திறமையில்லை" என்று சொல்லுகிறார்கள்.

கல்வராயன் மலையின் சங்கதியைச் சற்று எண்ணிப் பாருங்கள். வெள்ளைக்காரன் போய், சுயராஜ்யம் வந்து, அரசியல் சட்டமும் எழுதி முடித்து, 1976 ஆம் ஆண்டு வரையில் அந்த மலை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் கிடந்தது. சமவெளியில் உள்ளவனுக்கு எத்தனையோ காலத்துக்கு முன் கிடைத்தது மலையில் உள்ளவனுக்குப் பிந்திக் கிடைத்தது. சிலது இன்னும் கிடைக்கவேயில்லை. பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று சர்க்கார் உண்டு உறைவிடப் பள்ளிகளை மலையிலே வைத்திருக்கிறது. நல்ல காரியந்தான். ஆனால் அங்கே படிக்கிற பிள்ளைகளில் பலர் தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக எழுத்தறிந்தவர்கள். அப்படிப்பட்ட பிள்ளையினிடத்தில் "வீட்டில் கேட்டு எழுதி வா" என்று சொல்லுவது, கிணறில்லாத ஊரானைப் பார்த்து "வீட்டுக் கிணற்றில் இறைத்துக் குடி" என்று சொல்லுவதற்கு என்ன வித்தியாசம்?

நம்மில் வயதானவர்களுக்கு ஒரு பழைய சங்கதி ஞாபகமிருக்கும். 1953 ஆம் ஆண்டில் ஆச்சாரியார் அவர்கள் முதன்மந்திரியாக இருந்த காலத்தில், கிராமப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம் படிப்பு போதும், மீதி நேரம் வீட்டுக்குப் போய்த் தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார். அதைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி நாடே எதிர்த்துப் போராடியது. 1954 இல் காமராசர் அவர்கள் பதவிக்கு வந்ததும் அது குப்பையில் போடப்பட்டது. அன்றைக்கு நாம் என்ன சொன்னோம்? "பிள்ளையின் படிப்பை அதன் வீட்டோடு சேர்த்துக் கட்டாதே, கட்டினால் வண்ணான் பிள்ளை வண்ணானாகவும், வக்கீல் பிள்ளை வக்கீலாகவும்தான் இருக்க முடியும்" என்றுதானே சொன்னோம்? இன்றைக்கு யாரும் கெட்ட எண்ணத்தோடு வீட்டுப்பாடம் கொடுப்பதாக நாம் சொல்ல வரவில்லை. உபாத்தியாயர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் பாம்பு என்று தெரியாமல் மிதித்தாலும் விஷம் ஏறத்தானே செய்யும்? படிப்பின் பாதியை வீட்டின் தலையில் கட்டுகின்றபோது, வீடு எப்படியோ அப்படியே பிள்ளையும் ஆகும்.

சர்க்காரும் சட்டமும் இதைக் கவனிக்காமல் இல்லை. இந்திய சர்க்கார் 2020 இல் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையில், முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்றும், 3 முதல் 5 வரை வாரத்துக்கு 2 மணி நேரத்துக்கு மிகாமலும், 6 முதல் 8 வரை தினம் 1 மணி நேரத்துக்கு மிகாமலும், அதற்கு மேல் தினம் 2 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டுமென்றும் சொல்லியிருக்கிறது. 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28 ஆவது பிரிவில், உபாத்தியாயர் தனியே டியூஷன் வைத்துச் சம்பாதிக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. 2021 இல் தமிழ்நாட்டு சர்க்கார், பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, "இல்லம் தேடிக் கல்வி" என்னும் திட்டத்தை நமக்குப் பக்கத்து மரக்காணத்தை ஒட்டிய முதலியார்குப்பத்தில் தொடங்கி வைத்தது. முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு, அந்தந்தத் தெருவில் உள்ள தொண்டர்களே மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம் சொல்லிக் கொடுப்பது என்பது அதன் ஏற்பாடு. படித்த மருமகள்களும், வேலை கிடைக்காத பட்டதாரிப் பெண்களும் திண்ணையில் பாய் விரித்து உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுப்பாடத்துக்கு ஒரு வீடு வேண்டுமானால் அதை ஊர் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

நிற்க. கேள்விக்கு விடை கிடைக்காத பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்தால், கடைக்குப் போய் "நோட்ஸ்" வாங்குகிறது. அல்லது கூட்டாளியின் நோட்டைப் பார்த்து எழுதுகிறது. இப்பொழுது கைப்பேசி வைத்திருக்கிற வீட்டில் அதனிடம் கேட்டு, அது எழுதிக் காட்டுவதை அப்படியே இறக்கி வைக்கிறது. விடை வந்து விட்டது, உபாத்தியாயர் சிவப்பு மையில் சரி போட்டு விட்டார், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் பிள்ளைக்கு என்ன வந்தது?

இதைத்தானே நாம் இத்தனை நாளாகப் புரோகிதர் விஷயத்தில் சொல்லி வருகிறோம்? ஒருவன் பொருள் தெரியாத மந்திரத்தைச் சொல்லுகிறான், மற்றொருவன் அதைவிடப் பொருள் தெரியாமல் திருப்பிச் சொல்லுகிறான், தட்சணை கைமாறுகிறது, காரியம் முடிந்து விட்டதாக இருவரும் எண்ணிக் கொள்ளுகிறார்கள். பொருள் தெரியாமல் பிறர் எழுதியதைப் பார்த்தெழுதுவதும் மந்திரந்தான். அது சமஸ்கிருதத்தில் இருந்தால் என்ன, இங்கிலீஷில் இருந்தால் என்ன, அச்சுப் புத்தகத்திலிருந்து வந்தால் என்ன, கைப்பேசியிலிருந்து வந்தால் என்ன? கேட்காமல் ஒப்புக்கொள்ளுகிற பழக்கத்தைப் பத்து வயதில் பள்ளிக்கூடத்திலேயே ஏற்றி விட்டு, முப்பது வயதில் "ஏன் ஜோசியனை நம்புகிறாய்" என்று கேட்டால் அவன் என்ன பதில் சொல்லுவான்? ஆகவே பிள்ளைக்கு உதவி செய்யக் கிளம்புகிறவர்கள், விடையைக் கொடுப்பது உதவியல்ல, விடையைத் தேடும் வழியைக் கொடுப்பதுதான் உதவி என்பதை முதலில் மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். அது எப்படி என்பதை மூன்று பாடத்திலும் சற்று விளக்க ஆசைப்படுகின்றோம்.

முதலில் இங்கிலீஷை எடுத்துக்கொள்ளுவோம். நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷின் பேரில் இருப்பது வெறுப்பல்ல, பயம். அது ஏதோ பெரிய மனிதர்களின் நாக்குக்கு மாத்திரம் வரும் வஸ்து என்று நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் சமஸ்கிருதத்தைப் பற்றி நம்மவர்கள் நினைத்ததும் இப்படித்தான். இந்தப் பயத்தைப் போக்க ஒரே மருந்து, அதுவும் மனிதர்கள் பேசிப் பேசி உண்டாக்கிய பாஷை என்று காட்டுவதுதான். கத்திக்கு அவர்கள் "நைஃப்" என்கிறார்கள். எழுதும்போது முன்னால் ஒரு "கே" எழுத்தைப் போடுகிறார்கள். ஏன் என்று பிள்ளை கேட்டால், "அது அப்படித்தான், மனப்பாடம் செய்" என்று சொல்லாதீர்கள். முற்காலத்தில் அந்த எழுத்தையும் சேர்த்துத்தான் அவர்கள் உச்சரித்தார்கள். 1476 இல் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்துக்கு அச்சுயந்திரத்தைக் கொண்டு வந்தார். அச்சில் எழுத்து நாளாவட்டத்தில் உறைந்து நின்று விட்டது. ஜனங்களின் வாய் மாத்திரம் மாறிக்கொண்டே போய்விட்டது என்று சொல்லுங்கள். பிள்ளை சிரிக்கும். சிரித்தால் பயம் போய்விடும்.

நம்மிடமிருந்தே அவர்கள் எடுத்துக்கொண்ட வார்த்தைகளைச் சொல்லுங்கள். கட்டுமரத்தைக் "கேட்டமரான்" என்றார்கள். சுருட்டைச் "செரூட்" என்றார்கள். மிளகுத்தண்ணீரை "மல்லிகட்டானி" என்றார்கள். அதோடு இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். பறையர் என்கின்ற ஜாதிப் பெயரையும் எடுத்துக்கொண்டு போய்ப் "பரையா" என்று ஒரு வார்த்தையாக்கி, எல்லோராலும் ஒதுக்கித் தள்ளப்பட்டவன் என்று அதற்கு அர்த்தம் போட்டு அகராதியில் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சேரியின் அவமானம் கடல் கடந்து போய் அகராதி ஏறிய கதை அது. அகராதியைப் பிரித்து அந்த ஒரு வார்த்தையைப் படிக்கத் தெரிந்த பிள்ளை, இங்கிலீஷையும் கற்றுக்கொள்ளும், தன் நாட்டையும் தெரிந்து கொள்ளும்.

வாக்கியம் எழுதுவதும் அப்படியே. நாம் "நான் மாம்பழம் தின்றேன்" என்று வினையைக் கடைசியில் வைப்போம். அவர்கள் "நான் தின்றேன் மாம்பழம்" என்று நடுவில் வைப்பார்கள். இதை வாயால் பத்துத் தடவை மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு இலக்கணச் சூத்திரம் பிறகு தானே புரியும். மிருகக்காட்சிச் சாலைக்குப் போனதைப் பற்றி எழுதச் சொன்னால், அதைப் பார்த்தேயிராத மலைப் பிள்ளை என்ன எழுதும்? நோட்ஸைத்தான் எழுதும். "நீ காட்டில் பார்த்த மிருகத்தைப் பற்றி நாலு வரி எழுது" என்று சொல்லிப் பாருங்கள். தப்பும் தவறுமாக எழுதினாலும் அது அதனுடைய சொந்தச் சொத்து.

இரண்டாவது இலக்கியம். கடையெழு வள்ளல்கள் என்று ஏழு பெயரை வாய்ப்பாடு போல ஒப்பிக்கிற பிள்ளையைப் பார்த்து, "இதில் உங்கள் ஜில்லாக்காரர் யார்?" என்று கேட்டால் விழிக்கிறது. மலையமான் திருமுடிக்காரி திருக்கோவலூரை ஆண்டவன். அந்தத் திருக்கோவலூர், 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரித்துண்டாக்கிய இதே கள்ளக்குறிச்சி ஜில்லாவில் இருக்கிறது. அவனைப் பாடிய கபிலருடைய பெயரால் தென்பெண்ணை ஆற்றுக்குள்ளே ஒரு குன்றே நிற்கின்றது. பஸ் ஏறிப் போனால் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அது ஏதோ வேறு லோகத்துச் சமாசாரமாக இருக்கிறது.

இன்னும் கேளுங்கள். இந்தக் காரி, கொல்லிமலை ஓரியைக் கொன்றவன். அந்த ஓரியும் ஏழு வள்ளல்களில் ஒருவன். பிறகு தகடூர் அதியமான் வந்து இந்தக் காரியின் கோவலூரைத் தாக்கி வென்றான். அந்த அதியமானும் ஏழு வள்ளல்களில் ஒருவன். ஆகவே ஏழு பேரில் மூன்று பேர் ஒருவரையொருவர் வெட்டிக் கொண்டவர்கள். இதைச் சொன்னவுடனே எந்தப் பிள்ளையும், "வள்ளல் என்றால் நல்லவன் என்றல்லவா சொன்னீர்கள்? பின் ஏன் இன்னொரு வள்ளலைக் கொன்றான்? அவனைப் பாடிய புலவர்கள் அதைப் பற்றி என்ன சொன்னார்கள்?" என்று கேட்கும். அந்தக் கேள்விதான் இலக்கியம் படிப்பதன் பிரயோஜனம். பாட்டைப் பூஜை செய்வதற்காக நாம் படிக்கச் சொல்லவில்லை. அந்தக் காலத்து மனிதன் எப்படி வாழ்ந்தான், எதற்காகச் சண்டை போட்டான், யாரிடம் கையேந்தினான் என்று தெரிந்து கொள்ளத்தான் சொல்லுகிறோம். பெயர்ப் பட்டியல் ஒரு மார்க்குக்கு உதவும். கேள்வி ஆயுள் முழுவதற்கும் உதவும்.

மூன்றாவது பொது அறிவு. இதிலேதான் நம் நாட்டுப் படிப்பின் யோக்கியதை முழுவதும் வெளியாகிறது. 2025 செப்டம்பர் 7 ஆம் தேதி இரவு முழுச் சந்திர கிரகணம் வந்தது. பூமியின் நிழல் சந்திரன் மேல் விழுகிறது என்று பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் படம் போட்டு மார்க்கு வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அன்றிரவு எத்தனை வீடுகளில் சாப்பாட்டை மூடி வைத்தார்கள்! எத்தனை கர்ப்பிணிப் பெண்களை வெளியில் வராதே என்று உள்ளே வைத்துப் பூட்டினார்கள்! கோயில்களை இழுத்து மூடினார்கள். படம் போட்ட பிள்ளையும் பட்டினி கிடந்தது. அதற்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவர்களிலும் குளித்த பிறகே சாப்பிட்டவர்கள் இல்லையென்று யாராவது சொல்ல முடியுமா? பரீட்சைத் தாளில் நிழல், வீட்டில் பாம்பு! இப்படி அறிவு ஒரு பக்கமும் வாழ்வு ஒரு பக்கமுமாக இருந்தால் அந்த அறிவுக்குப் பொது அறிவு என்று பெயர் வைப்பானேன்? ஒரு விளக்கையும், ஒரு பந்தையும், ஒரு எலுமிச்சம் பழத்தையும் வைத்துக் கொண்டு ஐந்து நிமிஷத்தில் கிரகணத்தைக் கண்ணெதிரே காட்டி விடலாம். காட்டிவிட்டு, "இதில் பாம்பு எங்கே இருக்கிறது, நீயே சொல்" என்று கேளுங்கள். அது போதும். நாம் வேறு பிரசாரம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

அன்றியும், பொது அறிவு என்றால் தூரதேசத்து ராஜதானிகளின் பெயர் மாத்திரந்தானா? கல்வராயன் மலையில் வாழும் பழங்குடிகளுக்கு "மலையாளி" என்று பெயர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் படித்த கனவான்களில் எத்தனையோ பேர் அந்தப் பெயரைக் கேட்டவுடன் கேரளத்துக்காரர் என்று எண்ணுகிறார்கள். மலையை ஆளும் குடி என்கின்ற பொருளில் வழங்கும் பெயர், பேசுவது தமிழ் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இதற்கு எந்த நோட்ஸில் விடை இருக்கிறது? கோமுகி அணைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கள்ளக்குறிச்சிப் பட்டணத்துப் பிள்ளையைக் கேட்டால் தெரியாது. தன் வீட்டுப் பின்புறம் ஓடுகிற ஓடையைக் காட்டி மலைப்பிள்ளை சொல்லும். கடுக்காய் எந்த மாதத்தில் விழும், சாமையை எப்பொழுது விதைப்பார்கள், தேனடையை எப்படி எடுப்பார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். இவை அறிவல்ல என்று சொன்னவன் யார்? ஒருவனுக்குத் தெரிந்ததையெல்லாம் கேள்வித்தாளில் விட்டுவிட்டு, தெரியாததை மாத்திரம் கேட்டு, "இவன் மக்கு" என்று தீர்ப்புச் சொல்லுவது என்ன நியாயம்?

இனி, சிலர் சொல்லும் ஆட்சேபணைகளுக்கு வருவோம். "உபாத்தியாயர்களுக்குச் சர்க்கார் சம்பளம் கொடுக்கிறதே, அந்த வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. போதிய உபாத்தியாயரைப் போடு, மலைக்கும் போடு, போட்டவர் தினமும் பள்ளிக்கு வரும்படி பாதையும் பஸ்ஸும் வீடும் ஏற்படுத்து என்று சர்க்காரைக் கேட்பதை நாம் ஒரு நாளும் நிறுத்தப் போவதில்லை. ஆனால் அது நடக்கும் வரையில், இன்று மாலை நோட்டை மூடி வைத்த குழந்தை காத்திருக்குமா? அதற்கு இந்த வருஷம் போனால் போனதுதான். அடுத்த வருஷம் அது கரும்பு வெட்டவோ, மில் வேலைக்கோ போய்விடும். பெண்ணாயிருந்தால் கலியாணமும் செய்து வைத்து விடுவார்கள்.

"வீட்டுப்பாடத்தையே ஒழித்து விட்டால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு ஒழிக்க வேண்டியதுதான். ஆனால் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சர்க்கார் பள்ளியில் ஒழித்து விட்டு, காசு கட்டிப் படிக்கும் பள்ளியில் அது இருக்குமானால், முடிவில் நஷ்டம் யாருக்கு? ஆகவே நாம் சொல்லுவது, பாடத்தை ஒழிப்பதல்ல. வீட்டுக்கு வீடு இருக்கும் வித்தியாசத்தை ஒழிப்பது.

இந்த நாட்டில் பிள்ளைகளின் வயிற்றுப் பசிக்கு வழி செய்யப்பட்டிருக்கிறது. 1920 இல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் சென்னை நகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு போட்டதில் ஆரம்பித்து, காமராசர் காலத்து மதிய உணவு, 1982 இல் சத்துணவு, 2022 இல் காலைச் சிற்றுண்டி என்று வளர்ந்து வந்திருக்கிறது. "பிள்ளைக்குச் சோறு போடுவது பெற்றவன் கடமை, ஊருக்கென்ன?" என்று அன்றைக்குச் சொன்னவர்கள் இன்று வாயை மூடிக் கொண்டார்கள். சோற்றுக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தைக் கேள்விக்கும் ஒப்புக்கொள்ள வேண்டாமா? பிள்ளையின் வயிறு ஊரின் பொறுப்பென்றால், பிள்ளையின் அறிவும் ஊரின் பொறுப்புத்தானே?

இது புதுமையான காரியமும் அல்ல. அமெரிக்காவில் பிரெடரிக் டக்ளஸ் என்று ஒரு நீக்ரோ அடிமை இருந்தார். எஜமானன் மனைவி அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். அடிமைக்கு எழுத்துத் தெரிந்தால் அடிமையாய் இருக்க மாட்டான் என்று எஜமானன் தடுத்து விட்டான். பையன் என்ன செய்தான்? பால்டிமோர் நகரத் தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டித் துண்டைக் கொடுத்து, அவர்களிடம் பாடம் கேட்டுக் கொண்டான். பிற்காலத்தில் தப்பியோடி, 1845 இல் தன் சரித்திரத்தைத் தானே எழுதி உலகத்தையே கலக்கினான். அவனுக்கு வாத்தியார் தெருப்பிள்ளைகள்தான். நம் நாட்டிலும் ஜோதிராவ் புலே, 1848 இல் பூனாவில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்ததோடு நில்லாமல், 1855 இல் பகலெல்லாம் உழைக்கிறவர்களுக்கென்று இரவுப் பள்ளியும் நடத்தினார். பகலில் படிக்க முடியாதவன் இரவில் படிக்கட்டும், வீட்டில் சொல்லித்தர ஆளில்லாதவனுக்குத் தெரு சொல்லித் தரட்டும் என்பதுதான் இவற்றின் சாரம்.

ஆகவே கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், திருக்கோவலூர், உளுந்தூர்ப்பேட்டை வட்டங்களிலும் கல்வராயன் மலையிலும் உள்ள நம் இளைஞர்களுக்கும், சிறப்பாகப் படித்த பெண்களுக்கும் நாம் சொல்ல ஆசைப்படுவது இதுதான். கூட்டம் போடுவதும் மாலை போடுவதும் போதும். ஊருக்கொரு படிப்பகத்தில், அது இல்லாவிட்டால் ஒரு பொதுத் திண்ணையில், மாலையில் ஒரு மணி நேரம் ஒரு விளக்கும் ஒரு பாயும் போடுங்கள். ஒரு அகராதி, ஒரு பூகோளப் படப்புத்தகம், அன்றாடப் பத்திரிகை ஒன்று, இவ்வளவு இருந்தால் போதும். கோயில் மண்டபம் வேண்டாம். அங்கே எல்லாப் பிள்ளையும் ஒன்றுபோல் வர முடியாது. ஜாதிக்கொரு பாய் வேண்டாம், ஒரே பாய்தான். பெண் குழந்தைகள் இருட்டுமுன் வீடு போய்ச் சேரும்படி நேரத்தை வையுங்கள். காசு வாங்காதீர்கள்.

பிள்ளையின் நோட்டில் உங்கள் கையால் ஒரு வரியும் எழுதாதீர்கள். "கேள்வி என்ன கேட்கிறது? இதில் உனக்குத் தெரிந்தது எவ்வளவு? தெரியாதது எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்?" என்று மூன்றைக் கேளுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது, வா, இருவரும் தேடுவோம்" என்று கூசாமல் சொல்லுங்கள். தெரியாது என்று ஒரு பெரியவர் சொல்லக் கேட்பதே நம் நாட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரிய படிப்பு. முக்கியமாக, நம் கொள்கைகளை அங்கே மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பகுத்தறிவையும் மந்திரமாக்கி விட்டால் நமக்கும் புரோகிதனுக்கும் என்ன வித்தியாசம்? "ஏன்?" என்று கேட்கப் பழகிய பிள்ளை நம்மிடத்திலும் வந்து "ஏன்?" என்று கேட்கட்டும். பதில் சொல்ல யோக்கியதை இருந்தால் சொல்லுவோம். இல்லாவிட்டால் நாம் திருத்திக் கொள்ளுவோம்.

கருணாபுரத்தில் பிணங்கள் விழுந்த பிறகு எல்லாக் கட்சித் தலைவர்களும் கார் ஏறி வந்தார்கள், பணம் கொடுத்தார்கள், படமெடுத்துக் கொண்டார்கள், போய்விட்டார்கள். பிணம் விழாத நாட்களில் அங்கே யார் போவது? நோட்டுப் புத்தகத்தோடு ஒரு குழந்தை வாசலில் உட்கார்ந்திருக்கும் நாட்களில் அங்கே போக வேண்டியவர்கள் நாம்தான். இந்த ஜில்லாவில் ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேர் முன்வந்தால் போதும். முன்வருகிறவர்கள் அடுத்த மாதப் பிறப்புக்குக் காத்திராமல், நல்ல நாள் பாராமல், நாளை மாலையே தொடங்குவார்களாக.